ஒன்றுக்குப் பன்னிரண்டு

மூன்றாம் மாடி ஜோக்ளேக்கர் வீட்டார்
புனேவுக்குக் குடிபோகிற அன்று
பழைய பேப்பர்காரன் தராசுக்குப் பக்கத்தில் இருந்தது அது.
"வேணுமா?" என்றார்கள்.
வேண்டுமா என்று யோசிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன்.

நான்கு அறை.
ஒட்டுப்பலகைச் சுவர், பச்சை ஜன்னல்கள்,
மாடிப்படியில் இரண்டு படி காணோம்.
கட்டில் இருந்தது, மேசை இருந்தது,
சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு தோசைக்கல் கூட.
ஆள்தான் இல்லை.

முலுண்டில் எங்கள் வீடு பத்துக்குப் பதினெட்டு.
அதற்குள் நான்கு அறை வீட்டை எங்கே வைப்பது?
வாஷிங் மெஷின் மேல் வைத்தேன்.
துவைக்கிற நாளில் இறக்கிக் கட்டிலில் கிடத்துவேன்.
ஒருநாள் மறந்து ஸ்பின் போட்டுவிட்டேன்.
தோசைக்கல் இன்னும் கிடைக்கவில்லை.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம்,
இதுதான் கணக்கு.
ஐந்தடி நான்; ஐந்து அங்குலம் அவள்.

சோளமாவு, ஃபெவிகால், அரை மூடி எலுமிச்சை,
இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய்.
அடிபிடிக்காமல் கிளறி இறக்கிப் பிசைந்தால்
கொழுக்கட்டைப் பதம் வர வேண்டும்.
முதல் தடவை கூழ்.
இரண்டாம் தடவை கல்.
மூன்றாம் தடவை ஏதோ வந்தது,
அதற்குள் சோளமாவு தீர்ந்திருந்தது.

உடம்பு ஏழு தலை நீளம் இருக்க வேண்டுமாம்.
என்னுடையவளுக்கு நாலரை.
கழுத்து பாரம் தாங்காமல்
தரையில் எதையோ தேடுகிறவள்போல் குனிந்தே நிற்கிறாள்.
தேடட்டும்,
தோசைக்கல்லை.

விரல்கள் ஊதுபத்திக் குச்சியை விட மெல்லிசு.
பிளேடு வைத்து ஐந்தாகப் பிரிக்கையில்
ஒன்று எகிறி எங்கோ விழுந்தது.
எறும்பு தூக்கிப்போயிருக்கும்.
நாலு விரல் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினேன்.

உடுத்த, என் பழைய நைட்டியின் ஓரம்.
என் மேல் சின்னப் பூ;
அவள் மேல் அதுவே காலிஃபிளவர்.

காயும்போது மாவு சுருங்கும் என்பது தெரியாது.
உள்ளே கம்பி அதே நீளம்,
மேலே தோல் போதவில்லை.
மறுநாள் பார்த்தால் குதிகாலில் பித்தவெடிப்பு.
நான் எண்ணிச் செய்தது ஒன்றும் அமையவில்லை,
எண்ணாத இது மட்டும் அச்சு அசல்.

அடுத்தது ஆவுடையப்பன்.
ஐந்தடி ஒன்பது அங்குலம் அவர்;
ஐந்தே முக்கால் அங்குலம் பொம்மை.
இந்தத் தடவை தலை சரி, கையில் பத்து விரல்,
ஐலைனரில் வரைந்த மீசை கூடப் பரவாயில்லை.

ஒன்பதரைக்கு வந்தார்,
சட்டையில் மஸ்ஜித் பந்தர் மிளகாய் நெடியோடு.
தட்டைக் கழுவிவிட்டுத்தான் பார்த்தார்.
"யாரு இது?"
"நீங்கதான்."
நாற்காலியில் வைத்தார். விறைத்துச் சரிந்தது.
இன்னொரு தடவை வைத்தார்.
"ஏன் உக்கார மாட்டேங்கேன்?"

முழங்காலில் கம்பியை வளைக்க மறந்திருந்தேன்.
காய்ந்த பிறகு வளைத்தால் உடையும்.

"சரிதான்," என்றார்,
"ஸ்லோ லோக்கல்ல இவனுக்கும் சீட்டு கிடைக்கல."
பொம்மையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்,
ஒரு கையை மெல்ல உயர்த்தி,
கைப்பிடி இருக்கிற உயரத்துக்கு.
கை மட்டும் எப்படியோ வளைந்தது.

அவர் தூங்கியபின்
அவளை மாடி அறைக்குக் கொண்டுபோனேன்.
படி இல்லாத இடத்தில் நானே தூக்கிவிட்டேன்.
கட்டில் ஓரம் நிறுத்தி, கதவைச் சாத்தினேன்.
சின்னக் கதவு, சின்னத் தாழ்ப்பாள், போடவும் வருகிறது.
எங்கள் வீட்டில் சாத்த இருப்பது
குளியலறைக் கதவு ஒன்றுதான்,
அதையும் யாராவது தட்டுவார்கள்.

பிறகுதான் உறைத்தது,
வீட்டுக்குப் பின்சுவர் கிடையாது.
பொம்மை வீடுகள் அப்படித்தான்,
ஒரு பக்கம் பப்பரப்பா என்று திறந்து கிடக்கும்.
தாழ்ப்பாள் போட்டு என்ன?

விளக்கை அணைக்குமுன்
வீட்டை அப்படியே திருப்பி வைத்தேன்,
திறந்த பக்கம் எங்கள் சுவரைப் பார்க்க,
ஒட்டி, காற்று போகிற இடைவெளி மட்டும் விட்டு.

இப்போது தெரிவது பச்சை ஜன்னல்கள்.
மாடி ஜன்னலில் அவள் தலை கொஞ்சம் தெரிகிறது.
பெரிய தலை அல்லவா.