நானுஓயா, மூன்றாம் கியர்

விடியக்காலை நாலு மணி.
கொழுந்து வாட்டும் விசிறிகளை
முக்கால் மணி நேரம் நிறுத்தித் தர
ஃபெக்டரி ஒஃபீசர் சம்மதித்திருந்தார்,
மகனுக்கு அந்த கேமில் ஒன்று
அனுப்பிவைப்போம் என்ற பேச்சில்.

விசிறி நின்ற பிறகுதான் தெரிந்தது
மலை எவ்வளவு இரைச்சல் என்று.
பீலித் தண்ணீர்,
மேல் லயத்து நாய்கள் மூன்று,
தகரத்தில் சொட்டும் பனி,
யாரோ இருமி, துப்பி, கதவைச் சாத்துவது.

தவசீலனின் பொக்ஸ் லான்சர்
அவரைவிட இரண்டு வயது மூப்பு.
பகலில் அவருக்குக் கொழுந்து லொறி,
மணிக்கு இருபது கிலோமீற்றர்.
இரவில் இதைத் துடைப்பார்.
ஓட்டுவது குறைவு. பெற்றோல் விலை அப்படி.

பொனட்டுக்குள் ஒரு மைக்
பழைய காலுறை போட்டுக் கட்டினோம்.
பின்னால் இரண்டு, சைலன்சரிலிருந்து
ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சரித்து.
நேரே பிடித்தால் அது விடும் மூச்சில்
மைக் செத்துப்போகும்.

கடலுக்கு அப்பால் இருந்த கம்பனி
ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் பத்து விநாடி கேட்டது,
மூவாயிரத்தில் பத்து,
ஆறாயிரத்தில் தாங்கும்வரை.
பாரத்தோடு வேண்டும் என்று
அடிக்கோடு வேறு.
சும்மா நின்று உறுமும் எஞ்சின் பொய் சொல்லும்,
காதுள்ளவன் பிடித்துவிடுவான்.

பாரத்துக்கு இங்கே என்ன பஞ்சம்.
ரோட்டே வானத்துக்குத்தான் போகிறது.

முதல் ஓட்டம்.
முள் நாலாயிரத்தில் ஏறி அசையாமல் நிற்க
ஹெட்ஃபோனுக்குள் ஒரே குரல்,
காய்ச்சிய பாகு கம்பியாய் இழுபடுவதுபோல்.
கண்ணை மூடுகிறேன்.
பாம் பாம்.

“அண்ணே, ஹோர்ன் அடிக்க வேணாம்.”
“ஐயோ, சொரி தங்கச்சி.”

இரண்டாவது ஓட்டம்.
பாம்.
இம்முறை ஒன்றுதான், அதுவும் மெதுவாக,
யாருக்கும் கேட்காது என்று நினைத்து அடித்ததுபோல்.

ருஷ்தி இறங்கி
ஹோர்ன் வயரைக் கழற்றிவிட்டான்.

மூன்றாவதில் ஹோர்ன் இல்லை.
முடக்கு வந்ததும்
அவர் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.
பாகு அறுந்து விழுந்தது.

“இந்த முடக்குல ஆள் வரும்,” என்றார்
ரோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல்.
“நாலரை மணிக்கு யாரண்ணே?”
“வரும்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.
ருஷ்தியை டோர்ச்சோடு மேலே அனுப்பினோம்.
ஆள் இல்லாவிட்டால் இரண்டு தரம் மினுக்கு.
கார் நின்ற இடத்திலிருந்து பார்த்தால்
அவன் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி,
பனி அதையும் தின்றுகொண்டிருந்தது.

மினுக்கு. மினுக்கு.

அப்போது போனாரே ஒரு போக்கு.
முள் ஏழாயிரத்தைத் தொட்டு நடுங்கியது,
தேயிலைச் சரிவு முழுக்க
அந்தச் சத்தத்தைப் பிடித்து எதிரே எறிந்தது,
எதிர்மலை திருப்பி எறிந்தது,
கால் எடுத்த நொடியில் பின்னால்
சடசடவென்று நெல்பொரி வெடித்தது.
அந்தப் பதிவின் கடைசியில்
ஒரு சிரிப்பு இருக்கிறது.
கம்பனிக்கு அனுப்பும்போது அதை வெட்டினேன்.
அழிக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து
ஹட்டனில், என் அறையில், கேம் வந்து சேர்ந்தது.
கார் சிவப்பாகிவிட்டிருந்தது.
ரோடு ஏதோ பனிநாட்டு ரோடு,
வேலிக்கு அப்பால் அட்டை மனிதர்கள்
ஒரே மாதிரிக் கை தட்டினார்கள்.
ஆனால் மூன்றாம் கியர் நானுஓயாதான்.
கழுத்து மயிர் நிமிர்ந்தது.

முதல் முடக்கு.
என் கட்டைவிரல்
பொத்தான் பொத்தானாகத் தேடியது.
எல்லாம் இருந்தன: பிரேக், கியர், கமரா,
கண்ணாடி துடைக்கிற பொத்தான்கூட.
ஹோர்ன் இல்லை.

விரலை எடுத்தேன்.
பின்னால் எங்கள் பொரி வெடித்தது.
ஏழு கார்கள் ஒவ்வொன்றாக
என்னை முந்திப் போயின.