முப்பத்தேழு

பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோல் உருண்டைகள்
தஸ்லிமாவின் பர்தாவெங்கும் ஒட்டிக்கொண்டன.
"வேலூர்ல பனி பெய்யுது பாரு" என்றாள்.
மே மாதம், ஒன்பதாம் தேதி.

நான்கு கால். நான்கும் ஒரே உயரம்.
மேசைதான் சரியில்லை.
ரசமட்டத்தின் குமிழி காட்பாடிப் பக்கம் ஓடியது.
திருகித் திருகிப் பார்த்து, கடைசி அரை மில்லிமீட்டருக்கு
ஆற்காடு பஸ் டிக்கெட்டை நாலாய் மடித்துச் செருகினேன்.
நடுவில் வந்து உட்கார்ந்தது.
சாய்ந்து ஆடினால்
ஒரு குடுவைக்கு ஒரு நியாயம், அடுத்ததற்கு வேறு.

குழாய்த் தண்ணீர் கூடாது.
எங்கள் ஊர்த் தண்ணீர் எதில் நின்றாலும்
வெள்ளையாய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகும்.
வடித்த நீர், எட்டு கேன், மூன்று மாடி.
சுருள் முழுகி அதற்குமேல் இரண்டு விரல்.
வெறும் தொட்டியில் சுவிட்சைத் தட்டினால் கருகும்.
முன்பிருந்தது அப்படித்தான் செத்தது.
யார் கை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லப்போவதில்லை.

கம்பிப் பிடிகளில் பன்னிரண்டு குடுவை,
ராணிப்பேட்டை ஓடைச் சேற்றில் பிடித்த உயிர்கள்.
குரோமியத்தைத் தின்னுமா என்று பார்க்கவேண்டும்.
தின்னாவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான் என்கிறார் மேடம்.
அவர் ஊட்டியில் இருக்கிறார்.

நிமிடத்துக்கு நூற்று இருபது.
முதலில் இருபது, பிறகு நாற்பது;
எடுத்த எடுப்பில் கூட்டினால் தண்ணீர் மிரண்டு
விளிம்பு தாண்டும், பஞ்சடைப்பு நனையும்.
மூடியைச் சாய்த்து வைத்தோம்,
ஆவி சொட்டாகி ஓரமாய் இறங்கட்டும் என்று.

முப்பத்தேழு கேட்டோம்.
நாற்பது என்றது.
காத்திருந்தோம். நாற்பது புள்ளி மூன்று.
கண்ணாடி வெப்பமானியும் அதையே சாட்சி சொன்னது.
ஹீட்டர் விளக்கு எரியவே இல்லை.
ஏற்றத் தெரியும் அதற்கு,
இறக்கத் தெரியாது.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"ரூம் சூட்டைவிட அஞ்சு டிகிரி மேலதான் மேடம் பிடிக்கும்.
உங்க ரூம்ல எவ்வளவு?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
"எந்த ஊர் மேடம்?"

பழைய பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு ஏகாம்பரம்
ஐஸைச் சாக்கில் சுற்றி அடித்துக்கொண்டிருந்தார்.
"எத்தனை ஜூஸ்?"
"ஐஸ் மட்டும். கிருமிக்கு."
அடிப்பதை நிறுத்திப் பார்த்தார்.
"அதுக்கும் வேர்க்குதா" என்று
ஒரு துண்டு கூடவே போட்டார், காசில்லாமல்.

பாட்டில்களில் அடைத்து, ஆடும் தட்டில் இடிக்காமல்
ஓரத்தில் மிதக்கவிட்டோம்.
முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கி.
ஒன்பது மணிக்குத் தஸ்லிமா விஷாரம் பஸ்ஸைப் பிடித்தாள்.
அப்புறம் நானும் சளக் சளக் என்ற ஓசையும்.
பாலாற்றுப் பாலத்தில் எத்தனை நேரம் நின்றாலும்
கேட்காத ஓசை.
பதினொன்றுக்கு ஐஸ் தீர்ந்தது.

இரண்டு நாற்பதுக்கு
குறிப்பேட்டின்மேல் கவிழ்ந்திருந்த என்னை
ஒரு சின்ன 'டக்' எழுப்பியது.
ஆரஞ்சு விளக்கு.
ஹீட்டர், முதல்முறையாக.
சன்னலுக்கு வெளியே ஊர்
அதற்குக் கீழே இறங்கியிருந்தது.

நேரத்தை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
'காற்று' என்று எழுதி
மேடம் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.