மைனஸ் பதினெட்டு

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில்
ஐஸ் ஹாக்கி என்று எழுதினேன்.
மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
ஐஸ் கம்பெனிக்கு மாறிப் போறியாம்மா,
அணை ரோட்லயா?

இல்லை சார்.
கோலாலம்பூர்.

மே மாதம்.
குப்பம் சாலையில் டிராக்டர்கள் ஒரு கிலோமீட்டருக்கு நிற்கின்றன.
பெங்களூரா மாங்காய் காம்பில் பால் காய்ந்து கிடக்கிறது.
தார், செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது.
நாலாம் நம்பர் அறையின்
பிளாஸ்டிக் நாக்குகளை விலக்கி உள்ளே போனால்
மைனஸ் பதினெட்டு.
மூக்குமயிர்தான் முதலில் உறையும்.
எட்டு வருஷமாக அங்கே கூழ்ப்பெட்டி எண்ணுகிறேன்.
குளிர் எனக்குச் சம்பளம் போடும் ஆள்,
அவ்வளவுதான் பழக்கம்,
ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
சக்கரச் சறுக்குக் காலணியோடு சிமெண்ட் தரையில்
என்னை யாரோ இறக்கிவிடும்வரை.

திரும்பத் தெரியாதவள் என்பதால்
கோலில் நிறுத்தினார்கள்.

லே ஏரியில் முதல் நாள் பதினேழு தடவை விழுந்தேன்.
எண்ணியவள் யாங்டோல்.
கடைக்குப் பால் வாங்கப் போகிறவள் மாதிரி
அசட்டையாகச் சறுக்குவாள்.
உங்க ஊர்ல ஐஸ் உண்டா என்று இந்தியில் கேட்டாள்.
உண்டு,
அதுல வழுக்கினா அபராதம் என்றேன்.

அது பொய் இல்லை.
இரவு ஷிப்டில் கதவோரம் சிந்திய தண்ணீர் உறைந்து
பாய் அகலத்துக்குப் பளபளக்கும்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இர்பான்
தரை துடைக்கிற கட்டையால் அடிப்பான்,
நான் மண்டிபோட்டு மறிப்பேன்.
ரப்பர் வட்டு உறைந்திருந்தால்தான் துள்ளாமல் ஓடும்.
எங்கள் வட்டு
பதினாலாம் வரிசையில், ஏற்றுமதிப் பெட்டிகளுக்குப் பின்னால்,
எந்தக் கணக்கிலும் வராமல்
வருஷம் முழுக்க உறைகிறது.

கோலாலம்பூரில் ஆடுகளம் ஒரு மாலின் அடித்தளத்தில்.
மேல்மாடியில் நூடுல்ஸ் உறிஞ்சுகிறவர்கள்
குனிந்து எங்களைப் பார்த்தார்கள்.
தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், குவைத், மலேசியா, நாங்கள்.
இதில் பாதி நாட்டில்
குளிர்காலத்தை விற்கிறவர் ஏசி கடைக்காரர்தான்.
மணிலாவின் கோல்காரி
ஆஸ்பத்திரி ஷிப்ட் முடித்து நேரே விமானம் ஏறியவள்.
உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்து தூங்கினாள்.
தாய்லாந்துக் கேப்டன்
கைவிரலை வளைத்து வளைத்து இறால் என்று காட்டினாள்.
இறால், பெட்டி, மைனஸ் இருபது.
நான் மாம்பழத்தைக் காட்டினேன்.
பிறகு இரண்டு பேரும் கையுறையைக் கழற்றி
விரல்நுனிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
ஒரே வெடிப்பு.
அவள் சுண்டுவிரலில்கூட.

மலேசியாவோடு கடைசி ஆட்டம்.
பதினொன்றாம் நம்பர்க்காரி
மூன்று முறை அடித்து மூன்றும் என் முழங்காலில் பட்டுத் திரும்ப,
முகக்கம்பிக்குள் முணுமுணுத்தாள்:
எங்க அடிச்சாலும் மூடிக்கிறாளே இந்தச் சனியன்.
சுத்தத் தமிழ்.
நான் சிரித்துவிட்டேன்.
சிரித்த வாக்கில் நாலாவது உள்ளே போனது.

கைகுலுக்கும் வரிசையில்
எந்த ஊர்லா நீ என்றாள்.
கிருஷ்ணகிரி.
அங்க பனி பெய்யுமா?
மார்கழியில லேசா, தும்பைப்பூ நனையற அளவு.
உங்க ஊர்ல?
கிள்ளான்ல மழைதான்லா,
வருஷம் பூரா மழை.
பெயர் தமயந்தி என்றாள்.
சனியனுக்கு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜெயிச்சீங்களா? மேனேஜர் கேட்டார்.
ஏழு வாங்கினேன் சார்.
முப்பத்தியொண்ணு தடுத்தேன்.
ஏழா, என்றார்.
ஆறு நாள் சம்பளம் பிடித்தம்.
காரணம் என்ற இடத்தில் என் எழுத்தை அடித்து
சொந்த வேலை என்று எழுதியிருந்தது.

இரவு பதினொன்றரை.
வெளியே டிராக்டர்க்காரர் யாரோ
போனில் பாட்டு வைத்துவிட்டுத் தூங்குகிறார்.
இர்பான் பதினாலாம் வரிசைக்குக் கைவிட்டு
வட்டை எடுத்து வருகிறான்.
ஏழு வாங்குனியாமே, நான் ஒண்ணு போடட்டா?

மண்டிபோடுகிறேன்.
போடு.
முதல்ல கதவைச் சாத்து,
குளிர் போகுது.