நாலாவது திருகாணி

ரீகாவில் டிசம்பர். நாலு மணிக்கே இருட்டிவிடும்.
அந்த நேரம்தான் மாத்தீஸுக்கு ஆகாது.
சாம்பல் காலுறைதான் வேண்டும். அது ஈரம்.
ஈரம் என்பதை
எந்தக் குரலில் சொல்வது?
ஏதோ ஒரு குரலில் சொன்னேன்.
நாற்காலி பறந்தது. கதவின் கீல் பெயர்ந்தது.
என் முழங்கையில் பல்வரிசை.

கீழ்வீட்டு இல்க்வார்ஸ் மேலே வந்தார்.
இரவு ட்ராம் ஓட்டுபவர், பகலில்தான் தூக்கம்.
மன்னிப்புகளை எடுத்து நீட்டினேன்,
சில்லறை மாதிரி எப்போதும் கையிருப்பில் இருப்பவை:
பள்ளிக்கு ஒன்று, கடைக்காரிக்கு ஒன்று,
"நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்" என்ற
என் கணவரின் அண்ணனுக்கு ஒன்று.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.
கதவைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.
இறங்கிப் போய்விட்டார்.
போலீஸைக் கூப்பிடுவார் என்றே நினைத்தேன்.

திருப்புளியோடு வந்தார்.
மேசைக்கடியில் கிடந்தவனைக் குனிந்து பார்க்கவில்லை,
வயது கேட்கவில்லை, யோசனை சொல்லவில்லை.
கீலை மட்டும் முடுக்கினார்.
மூன்று திருகாணி ஆயிற்று. நாலாவதைக் காணோம்.
மேசைக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது,
உள்ளங்கையில் அது.
"நன்றி" என்றார்,
பணிமனையில் கூட வேலை செய்பவனிடம் சொல்வதுபோல.

போகும்போது என்னிடம்:
"செவ்வாய் எனக்கு விடுமுறை.
நான் வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன்,
நீங்கள் தூங்குங்கள்.
இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தானே."

காலுறை இன்னும் காயவில்லை.
கதவு மூடுகிறது. நாளைக்கும் அறைபடும்.
செவ்வாய்க்கு எத்தனை நாள் என்று
கடிபட்ட கையாலேயே
விரல் மடக்கி எண்ணினேன்.