நோய் தொடங்கிய திகதி

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிலீற்றர்.
கோப்பையில் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறா குணேஸ்வரி,
காலைக்கு ஒண்டு, குளிசைக்கு ஒண்டு,
நாலு மணிக்கு ஒண்டு.
மண்முனைப் பாலத்தால பஸ் போகும்போது
ரெண்டு பக்கமும் வாவி.
நான் முன்சீற்றுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வருவன்.

செவ்வாயும் வெள்ளியும் மெசின்.
பக்கத்துக் கட்டில் ஏறாவூர் உதுமாலெவ்வைக் காக்கா,
தம்மாமில் லொறி ஓடினவர்.
"உனக்கு எத்தினையாம் மாடி?" எண்டு கேட்டார்,
மற்றாக்கள் ஊர் கேட்கிற மாதிரி.

ஒன்பது.
ஒன்பதிலிருந்து கக்கூசுக்கு இறங்கி ஏற
அரை மணித்தியாலச் சம்பளம் வெட்டு.
இறங்காமலிருக்கக் குடிக்காமலிருந்தன்.
மத்தியான வெயிலில் வேலை வாங்கக் கூடாதெண்டு
சட்டம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது,
கொன்டெயினர் கதவில் அரபியில் ஒட்டியிருந்தது.
அந்தத் தாள் விழுத்தின நிழலைத் தவிர
அங்க வேற நிழல் இல்லை.

நேபாளத்துத் தில்பகதூர் ஒரு விடியல் எழும்பல்ல.
கடதாசியில் இயற்கை எண்டு எழுதினாங்க.
இருபத்தாறு வயசு இயற்கை.
அவன்ட சப்பாத்தை
அடுத்த கிழமை வந்தவன் போட்டான்.
அளவு சரி.

போகும்போது கொழும்பில என்னை முழுசாப் பார்த்தாங்க:
ரத்தம், சலம், நெஞ்சுப் படம், பல்லுங்கூட.
தகுதி எண்டு ஊதா முத்திரை.
வரும்போது
என்ட பெட்டியைத்தான் பார்த்தாங்க.

பணியகத்தில இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை.
கதிரை தந்தா, ஃபேனை என் பக்கம் திருப்பினா.
மறுகா சொன்னா:
ஒப்பந்தம் முடிஞ்சது மார்ச் பதினொண்டு,
டொக்டர்ட கடிதம் மார்ச் இருபத்தெட்டு,
"பதினேழு நாள் பிந்திட்டு அண்ணன்.
காப்புறுதி கிடைக்காது போல."

அந்தப் பதினேழு நாளும்
கொம்பனி டிக்கெட் போடுமெண்டு
அடுக்குக் கட்டிலில் கால் வீங்கிக் கிடந்தன்.
அட்டை முடிஞ்சவனை
அங்கத்த ஆஸ்பத்திரி வாசலும் தாண்ட விடல்ல.
கிட்னிக்குக் கலண்டர் தெரியாது பிள்ளை எண்டன்.
அவ சிரிக்கல்ல.

படிவத்தில ஒரு கட்டம் மிச்சம்:
நோய் தொடங்கிய திகதி.
வெறுமையா விட்டால் திரும்பி வருமாம்.

மணிபேர்சில் மூண்டா மடிச்சுக் கிடந்தது
முதன்முதல் வெட்டின சம்பளத் துண்டு.
ஏன் வைச்சிருந்தன் எண்டு தெரியாது.
கோவமா இருக்கும்.
ஆறு றியால். அரை மணித்தியாலம்.
காரணம் எண்ட இடத்தில, கழிவறை.

அந்தத் திகதியை எழுதினன்.

பிள்ளை துண்டைக் கனநேரம் பார்த்தா.
"இது செல்லுமோ தெரியாது,
ரெண்டு கொப்பி எடுத்துக்கொண்டு வாங்க."

ரோட்டுக்கு அங்கால கொப்பிக் கடை.
பொடியன் துண்டைக் கண்ணாடியில் கவுத்து மூடினான்.
பச்சை வெளிச்சம் அதுக்கு மேலால போய் வந்தது,
மறுகாவும் ஒருக்கா.
"வேர்க்குதே அண்ணன், தண்ணி தரவா?"
மணியைப் பார்த்தன்.

நாலுக்குத்தான்.