கடைசி நம்பர்

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
நாற்பது சொல்லி முப்பதுக்குத் தந்தான்
நடுவில் பிளந்த ஒரு பிஸ்னஸ் போர்டை.
கல்கத்தாவைக் கரையான் தின்றிருந்தது.
பம்பாய் மேல் யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம்.
வீடுகள் ஒன்றுகூட இல்லை, பகடையும் இல்லை.
“வெறும் அட்டையை வெச்சு என்னக்கா பண்ணுவே?”
என்று கேட்டான்,
காசை வாங்கி எண்ணிய பிறகு.

மைதா காய்ச்சினேன், மயில்துத்தம் ஒரு சிட்டிகை.
பிளவுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே ஒன்றைப்
பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினேன்.
என் முழங்கால்தான்.
போர்டு இப்போது அங்கேதான் மடங்குகிறது.

டெல்லி இருந்த இடத்தில் நெல்லித்தோப்பு.
மெட்ராஸ் மேல் சாரம்.
ரயில் கட்டத்துக்கு விழுப்புரம் பாசஞ்சர்.
சாராயக்கடைக்கு மூன்று கட்டம், அதுவே குறைவு.
ஜெயிலுக்குக் காலாப்பட்டு. யோசிக்கவே வேண்டாம்.
கம்பிகளுக்குத் தீர்ந்துபோன ரீஃபில்கள் ஐந்து நட்டேன்.
பகடைக்கு அழிரப்பரை வெட்டினேன்;
கோணிக்கொண்டது. இரண்டுதான் அதிகம் விழும்.

வீடு கட்டக் காகிதம் வேண்டும்.
பரணில் இருந்தது
தொண்ணூற்றெட்டாம் வருடத்து டெலிபோன் டைரக்டரி,
செங்கல் கனம்.
கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை
பிளேடைப் பிடித்தபடி சும்மா இருந்தது கொஞ்ச நேரம்.
இதில் என்ன சரஸ்வதி,
பெயரும் எண்ணும்தானே என்றேன் அதனிடம்.

அரிசி மில், அச்சகம், அடகுக்கடை,
மூன்று பக்கம் நிறைய ராதாகிருஷ்ணன்கள்.
நாலாக மடித்தால் சுவர், குறுக்கே மடித்தால் கூரை.
தீப்பெட்டி அளவு வீட்டுக்கு மேல்
ஏழெட்டுக் குடும்பம்,
யாருக்கும் யாரையும் தெரியாது.

கலியபெருமாள் வ., முத்தியால்பேட்டை.

பிளேடு அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.
அப்பா பெயரும் நம்பரும் மட்டும் மேலே தெரிய
ஒரு கூரை மடித்தேன்.
அந்த வீட்டை விற்ற அன்று பேசிய பேச்சில்
மாசிலாமணி அண்ணன் என் நம்பரை அழித்தான்.
நான் அவன் நம்பரை அழிக்கவில்லை,
கூப்பிடவும் இல்லை. மூன்று வருடம்.

அண்ணி ஜிப்மரில் டபுள் டூட்டி.
வேறு வழியில்லாமல் வந்தான்,
நறுமுகையை விட்டுவிட்டுப் போக.
செருப்பைக் கழற்றவில்லை.
அவள் வீடுகளைத் தரையில் கொட்டி
ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று வைத்துக்கொண்டே வந்து,
“அத்தை, முத்தியால்பேட்டைக்கு வாடகை எவ்வளவு?
எழுதவே இல்லையே.”

பசைக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.
முன்பே ஒருமுறை கழுவியதுதான்.

திரும்பி வந்தால் அவன் குனிந்திருக்கிறான்,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு,
கூரையை நகத்தால் தொட்டபடி.
“தப்பு” என்றான்.
“டைரக்டரியிலயே தப்பு. கடைசி நம்பர் மூணு இல்ல, எட்டு.
அந்த வருசம் நமக்கு வந்த போனெல்லாம்
கோரிமேட்ல ஒரு சைக்கிள் கடைக்குப் போச்சு.
அந்த ஆளு கத்துவான்.
வாரம் ஒருதரம் நான்தான் போய்க் கேட்டுட்டு வருவேன்
யார் யார் கூப்பிட்டாங்கன்னு.”
கொஞ்சம் நிறுத்தி,
“உன் காலேஜ் சீட்டு சேதி அங்கதான் கிடைச்சுது.”

எனக்குத் தெரியாது.
நம் வீட்டு மணிதான் அடித்தது என்றல்லவா
இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருந்தேன்.

காலாப்பட்டிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி
கூரையில் எழுதிப் பார்த்தான். மை இல்லை.
“தீர்ந்தது அது” என்றேன்,
அவனிடம் நான் சொன்ன முதல் சொல்.
மேசை அறையைக் குடைந்து பேனா கொடுத்தேன்.
மூன்றை எட்டாக்க இரண்டு வளைவு போதும்.

அப்புறம் செருப்பு இரண்டும்
வாசலுக்கு வெளியே கிடந்தன, ஒன்று கவிழ்ந்து.
நறுமுகை ரப்பரை அவன் கையில் வைத்தாள்.
உருட்டினான்.
இரண்டு.
திரும்ப உருட்டினான். இரண்டு.

“வெட்டு கோணல்” என்றான் என்னைப் பார்த்து.