நான்கு விரல் விளிம்பு

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்
பத்து மாவுங் கரையருகே உருண்டு
கடலுக்குள் போன அன்றுதான்
தளத்துக்கு விளிம்பு வேண்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

நானே கட்டிய படகு.
பிளைவுட், எப்பாக்சி, இரண்டு வருட ஞாயிறுகள்.
"கரை இல்லாத தட்டில் குழம்பு ஊற்றுவார்களா?"
தில்லைக்கரசி முதல் நாளே கேட்டாள்.

மெராந்திச் சட்டம், நான்கு விரல் உயரம்.
முன்மூக்கு வளைவில் முரண்டு பிடித்தது.
வெந்நீர்த் துணி சுற்றி
பதினொரு கிளாம்பு பூட்டி
இரவெல்லாம் நெருக்கி வைத்தேன்.

மறுநாள் பினாங்கு மழை.
கடல் ஏறாத தளத்தில்
வானம் ஏறி உட்கார்ந்திருந்தது,
இறங்க வழி தெரியாமல்.
உயர்த்திய கையாலேயே
ஆறு ஓட்டை அறுத்தேன்.

கம்பிகள்
ஜெலுத்தோங்கில் மூடிய கிளினிக் ஒன்றின்
கழிவறைக் கைப்பிடிகள்.
அஸ்லான் பற்றவைத்தான்.
கூலி: மீன் கிடைத்தால் பாதி.

நீச்சல் தெரியாதவள் இன்றுதான் ஏறுகிறாள்.
கம்பியை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறாள்.
பிறகு அதை விட்டுவிட்டு
பாலத்துக்கு அடியில் போகச் சொல்கிறாள்.

இத்தனை நாள்
வெறும் ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போனவன்,
நான்தான்
பிடித்த கம்பியை விடவில்லை.